பேர் தெரியாத ஆட்டக்காரர்களின் பழைய பேஸ்பால் கார்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘காமன்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு நிறுவனம் ஒரு வருடத்துக்கு எண்ணிட்டு வெளியிடும் கார்டுத் தொகுப்புதான் செட். அதிலிருந்து நட்சத்திரங்கள், ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர்கள், பிற்பாடு பெரிய ஆளானவர்களின் முதல் வருடக் கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது காமன். டாப்ஸ் என்ற கார்டு நிறுவனத்தின் 1965 செட்டில் 598 கார்டுகள் உண்டு. அதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். நாலைந்து ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போன பிட்சர், பத்து வருடம் பெஞ்சில் உட்கார்ந்தே ஓய்வு பெற்ற கேட்சர், இப்படிப்பட்ட ஆட்கள்.

ஒன்றை மட்டும் காமன் என்று நினைத்து ஏமாற வேண்டாம்: செக்லிஸ்ட் கார்டு. செட்டிலுள்ள கார்டுகளின் பட்டியல் அது, பெரும்பாலும் ஆட்டக்காரரின் முகமே இருக்காது. ஆனால் அந்தக் காலப் பையன்கள் கையில் இருக்கும் கார்டுகளுக்குப் பென்சிலால் டிக் போட்டுவைத்தார்கள். டிக் இல்லாத சுத்தமான செக்லிஸ்ட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

பேரே கேள்விப்படாத ஒருவரின் கார்டு சில சமயம் நட்சத்திரத்தின் கார்டைவிட அரிதாக இருப்பது எப்படி?

இந்தப் பொழுதுபோக்கில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஆட்டக்காரரின் பேரைப் பார்க்கும் முன் கார்டின் எண்ணைப் பாருங்கள்.

டாப்ஸ் நிறுவனம் 1973 வரை ஒரு வருடத்துச் செட்டை ஒரே நேரத்தில் வெளியிடவில்லை. வசந்தத்தில் முதல் தவணை, பிறகு கோடை முழுக்க ஒவ்வொன்றாக. கடைசித் தவணை வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஃபுட்பால் கார்டுகளும் கடைக்கு வந்துவிடும். கடைக்காரர்கள் குறைவாகவே வாங்கினார்கள். அதனால் கடைசி எண்கள் குறைவாகவே மிஞ்சின. இவற்றை ‘ஹை நம்பர்’ என்பார்கள். மனதில் வைக்க வேண்டிய சில எல்லைகள்: 1961 டாப்ஸில் 523 முதல் 589, 1966இல் 523 முதல் 598, 1967இல் 534 முதல் 609, 1970இல் 634 முதல் 720, 1971இல் 644 முதல் 752, 1972இல் 657 முதல் 787. 1957 மட்டும் விதிவிலக்கு: அதில் நடுவிலுள்ள 265 முதல் 352 வரைதான் கடினம்.

அடுத்தது அச்சுத்தாள் கணக்கு. 1960களில் ஒரு தவணையை அச்சிட 264 கட்டங்கள் இருந்தன, அதாவது வரிசைக்கு 11 வீதம் 24 வரிசை. 1967இன் கடைசித் தவணையில் 76 கார்டுகள், ஒரு செக்லிஸ்ட், ஆக 77. அது 7 வரிசை. 24ஐ 7ஆல் வகுத்தால் சரியாகப் போகாது. சில வரிசைகள் நான்கு முறையும் மற்றவை மூன்று முறையும் வந்தாக வேண்டும். குறைவாக அச்சான வரிசையில் மாட்டிய ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் ‘ஷார்ட் பிரிண்ட்’ ஆகிவிடுகிறார். அவர் ஆட்டம் எப்படி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதன் உச்சம் 1952 டாப்ஸ். 311 முதல் 407 வரையிலான கடைசித் தவணையில் 97 கார்டுகள். 100 கட்டத்தை நிரப்ப மூன்று கார்டுகளை இரண்டு முறை அச்சிட்டார்கள்: 311 மிக்கி மாண்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். உலகமே துரத்துகிற மாண்டில் கார்டு, அதே தவணையில் இருக்கும் பேர் தெரியாத ஆள் எவருடைய கார்டைவிடவும் இரண்டு மடங்கு அச்சானது! விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் ஊழியர் சை பெர்கர் பின்னாளில் சொன்னார். எப்படியிருந்தாலும், அந்தத் தவணையில் ‘மலிவான காமன்’ என்று எதுவும் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர் எந்தச் செட்டை எடுக்கலாம்?

1956 டாப்ஸ் அல்லது 1964 டாப்ஸ். 1956இல் எண்ணிட்ட கார்டுகள் 340 மட்டுமே. கழுத்தை நெரிக்கும் ஹை நம்பர் தவணை இல்லை. பெரிய முகப்படத்தோடு சின்ன ஆட்டக் காட்சியும் இருப்பதால் காமன் கார்டும் பார்க்க நன்றாக இருக்கும். பின்பக்கம் வெள்ளை, சாம்பல் என இரண்டு வகை அட்டையில் வரும். இரண்டையும் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1964இல் 587 கார்டுகள், நடுத்தர நிலையில் பெரும்பாலான காமன்கள் சில டாலருக்குள் அடங்கும்.

1952இலும் 1966இலும் தொடங்காதீர்கள். 1966இல் முதல் 500 கார்டுகள் சுகமாகச் சேர்ந்துவிடும், கடைசி 76இல் மூச்சு முட்டும்.

முழுச் செட் வேண்டாம், காமன் மட்டும் போதும் என்றால்?

அது இன்னும் நல்ல வழி என்பது எங்கள் அபிப்பிராயம். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டால் பட்டியல் சுருங்கும், ருசி கூடும்.

சியாட்டில் பைலட்ஸ் அணியைப் பாருங்கள். 1969 ஒரே ஒரு சீசன்தான் அந்த அணி இருந்தது. 1970 சீசன் தொடங்குவதற்குள் மில்வாக்கிக்குப் போய்விட்டது. 1969 டாப்ஸில் பெரும்பாலான பைலட்ஸ் ஆட்டக்காரர்களுக்குத் தொப்பியே இருக்காது, அல்லது பழைய அணியின் சின்னத்தை வண்ணம் பூசி மறைத்திருப்பார்கள். புது அணி என்பது ஒரு காரணம். 1968இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரின் சொற்படி ஆட்டக்காரர்கள் டாப்ஸ் கேமராவுக்கு நிற்க மறுத்தது இன்னொரு காரணம். உண்மையான பைலட்ஸ் சீருடை 1970 டாப்ஸில்தான் வருகிறது, அணியே இல்லாமல் போன வருடத்தில். இரண்டு வருடத்தையும் சேர்த்தாலும் ஒரு சின்ன ஆல்பத்தில் அடங்கிவிடும்.

1962 முதல் 1964 வரை ‘கோல்ட் .45ஸ்’ என்ற பெயரில் ஆடிய ஹூஸ்டன் அணி, 1955 முதல் 1967 வரை கான்சஸ் சிட்டியில் இருந்த அத்லெடிக்ஸ் ஆகியவையும் இந்த வகைக்கு ஏற்றவை. இன்னும் விசித்திரம் வேண்டுமானால் போமன் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1955 செட். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஆட்டக்காரர் நிற்பதுபோல் வடிவமைத்த 320 கார்டு செட் அது. கடைசித் தவணையில் அம்பயர்களுக்கும் கார்டு போட்டார்கள். அம்பயர் கார்டுக்காக அடித்துக்கொள்ளும் கூட்டம் இன்று இருக்கிறது!

விற்பவர் ‘வெரி குட்’ என்கிறார். வாங்கலாமா?

இந்த உலகத்தில் வார்த்தைக்கு வேறு பொருள். 1 முதல் 10 வரையிலான அளவில் ‘குட்’ என்பது 2. மடிப்பு, மழுங்கிய மூலை, அழுக்கு எல்லாம் இருக்கும். ‘வெரி குட்’ 3, மடிப்பு சகஜம். ‘வெரி குட் எக்ஸலண்ட்’ 4, ‘எக்ஸலண்ட்’ 5, ‘எக்ஸலண்ட் மிண்ட்’ 6, ‘நியர் மிண்ட்’ 7. காமன் சேர்ப்பவருக்கு 3 முதல் 5 வரை போதும். 7க்கு மேல் போனால் ஒவ்வொரு படிக்கும் விலை பல மடங்காகும்.

படத்தைப் பார்த்து வாங்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஸ்கேனரின் நேர் வெளிச்சத்தில் மெல்லிய சுருக்கம் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் கார்டைச் சாய்த்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். இரண்டாவது, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்த படத்தில் ஓரங்கள் மறையும். வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

மையம் விலகியிருப்பதை மில்லிமீட்டர் ஸ்கேலால் அளக்கலாம். இடது ஓரம் 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் 60/40, யாருக்கும் உறுத்தாது. 4க்கு 1 என்றால் 80/20, முதல் பார்வையிலேயே தெரியும்.

செட்டைப் பொறுத்தும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம் தொட்டாலே உதிரும். 1962இன் மரப்பலகை ஓரமும் 1955 போமனின் பழுப்பு ஓரமும் அப்படியே. 1952இன் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டதால் மேலே இருந்த அவர்தான் எல்லா அடியையும் வாங்கினார். இதனால் நல்ல நிலையிலுள்ள பாஃப்கோ பெரும் விலைக்குப் போகிறது.

சிக்கனமாகச் சேர்க்க ஒரு வழி: முன்பக்கம் அழகாகவும் பின்பக்கம் அடிபட்டும் உள்ள கார்டுகளைத் தேடுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்ததால் பின்தாள் உரிந்தவை, பேனாவால் பெயர் எழுதியவை, பொட்டலத் தாளின் மெழுகுக் கறை பட்டவை. தரமதிப்பில் 1, 2தான் வரும், ஆனால் ஆல்பத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

மொத்தமாக, ‘லாட்’ ஆக வாங்குவது லாபமா?

தொடக்கத்தில் லாபம்தான். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். எந்த எண் முதல் எந்த எண் வரை? எத்தனை கார்டு இரட்டிப்பு? மிக மோசமான பத்துக் கார்டுகளின் படம் எங்கே? ‘1967 டாப்ஸ், 300 கார்டுகள்’ என்று விற்கப்படும் லாட்டில் 534க்கு மேல் ஒன்றுகூட இருக்காது. அவற்றை ஏற்கெனவே தனியே எடுத்து விற்றிருப்பார்கள். அது தப்பில்லை. அந்த விலையை மட்டும் நீங்கள் கொடுக்காமல் இருந்தால் சரி.

செட் பாதிக்கு மேல் போனபின் லாட் வாங்குவதை நிறுத்துங்கள். வருவதில் முக்கால்வாசி இரட்டிப்பாகவே இருக்கும். அதற்குப் பிறகு எண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கண்காட்சியில் காமன் பெட்டிகளைக் கிளறுவதே வழி. வருடா வருடம் நடக்கும் ‘நேஷனல்’ கண்காட்சியில் எண் வரிசைப்படி அடுக்கிய பெட்டிகளோடு வரும் வியாபாரிகள் உண்டு. பட்டியலில் எண்ணோடு நீங்கள் ஏற்கும் குறைந்தபட்ச நிலையையும் எழுதிவையுங்கள். ஆசையில் மட்டமானதை வாங்கிவிட்டு அதையே மறுபடி மாற்றி வாங்குவதில்தான் பணம் கரைகிறது.

காமன் கார்டிலும் போலி உண்டா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காமனை மெனக்கெட்டுப் போலியாக அச்சிடுவார் இல்லை. ஆனால் ஓரத்தை வெட்டிச் சீராக்குவது, நிறம் தடவுவது இரண்டும் நடக்கும், குறிப்பாக ஹை நம்பரில்.

வெட்டைக் கண்டுபிடிக்க அதே செட்டின் சாதாரணக் கார்டுகள் பத்தை எடுத்து, சந்தேகக் கார்டை நடுவில் வைத்து, மேசையில் தட்டிச் சீராக்குங்கள். மேலிருந்து விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பிறகு 10 மடங்கு லென்ஸால் ஓரத்தைப் பாருங்கள். அறுபது வருட ஓரம் சாம்பல் நிறத்தில், நார் மழுங்கி இருக்கும். புது வெட்டு வெள்ளையாக, கூராக இருக்கும். நான்கில் ஒரு ஓரம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அது வெட்டுதான். ஆலையிலேயே அளவு கொஞ்சம் மாறும் என்பதால் நீளம் குறைவதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் 2 5/8 × 3 3/4 அங்குலம், 1957 முதல் 2 1/2 × 3 1/2.

நிறம் தடவலுக்கு 1971 நல்ல உதாரணம். உதிர்ந்த இடத்தில் கறுப்பு மார்க்கர் வைப்பார்கள். கார்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அச்சு மை மேற்பரப்பில் நிற்கும், மார்க்கர் மை ஓரத்துத் தாளுக்குள் ஊறியிருக்கும்.

நூறு வருடத்துக்கு முந்தைய சிகரெட் கார்டுகளில் காமன் சேர்க்க முடியுமா?

முடியும். டி-206 என்று அழைக்கப்படும் செட் 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் சிகரெட், புகையிலை உறைகளில் வந்தது. அளவு வெறும் 1 7/16 × 2 5/8 அங்குலம். மொத்தம் 524 கார்டுகள். இந்தப் பெயரைத் தந்தது ஜெபர்சன் பர்டிக் தயாரித்த அட்டவணை. அவருடைய சேகரிப்பு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லாரும் பேசுவது ஹோனஸ் வாக்னர் கார்டைப் பற்றி. ஆனால் செட்டின் பெரும்பகுதி, இன்று யாரும் நினைவில் வைத்திராத ஆட்டக்காரர்கள். இவர்களில் தெற்குப் பகுதி மைனர் லீக்குகளில் ஆடிய 48 பேரைத் தனியாகவே சேர்ப்பவர்கள் உண்டு. மேஜர் லீக் காமனைவிட அவை விலை கூடுதல்.

பின்பக்க விளம்பரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பீட்மாண்ட், ஸ்வீட் கேபரல் இரண்டும் மலிவு. ஒரே ஆட்டக்காரர் ‘டிரம்’, ‘உசிட்’, ‘பிராட் லீஃப்’ விளம்பரத்தோடு வந்தால் விலை எங்கோ போய்விடும். ‘அமெரிக்கன் பியூட்டி’ பின்பக்கம் உள்ளவை அகலம் சற்றுக் குறைவாகவே வெட்டப்பட்டவை, அவற்றைப் பின்னாளில் ஓரம் வெட்டியவை என்று தள்ளிவிடாதீர்கள். ‘போலார் பேர்’ மெல்லும் உதிரிப் புகையிலையோடு வந்ததால் கறை இருக்கும்.

பேர் தெரியாதவர்களுக்கு இந்தச் செட்டில் தனி மரியாதை உண்டு. ரே டெமிட், பில் ஓஹாரா இருவருக்கும் செயின்ட் லூயிஸ் அணி பெயரோடு உள்ள வகை போலார் பேர் பின்பக்கத்தில் மட்டுமே வரும். ஜோ டாயில் என்ற பிட்சர் அமெரிக்கன் லீக் அணியில் ஆடியவர்; அவர் பெயருக்குக் கீழே தவறுதலாக நேஷனல் லீக் என்று அச்சிட்டுப் பிறகு திருத்திவிட்டார்கள். திருத்தாத அந்தப் பிரதி, செட்டின் ஆகப் பெரிய நான்கு அபூர்வங்களில் ஒன்று.

மறுபதிப்பை அடையாளம் காண: அசலில் கீழே உள்ள பெயர் திடமான பழுப்பு மையில் இருக்கும், லென்ஸில் பார்த்தால் எழுத்து புள்ளி புள்ளியாகப் பிரியக் கூடாது. புற ஊதா விளக்கும் உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவியது. 1910ஆம் வருடத்துக் கார்டு நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிய சிகரெட் கார்டை எப்படிப் பிரிப்பது?

சுத்திகரித்த தண்ணீரில் ஊறவைத்து. கார்டு ஒட்டிய பக்கத்தைச் சுற்றி வெட்டி, அறை வெப்பத்திலுள்ள தண்ணீர்த் தட்டில் மூழ்கவைக்கவும். 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். தானாகக் கழன்று வர வேண்டும்; நகத்தால் பிய்த்தால் பின்தாளும் கூடவே போகும். தண்ணீர் மஞ்சளாக மாறினால் மாற்றுங்கள். எடுத்தபின் இரண்டு மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள் அடுக்கவும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, பிறகு மூன்று நான்கு நாள் அசைக்காதீர்கள்.

பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். சமையலறைப் பேப்பர் டவலை வைத்தால் அதன் புள்ளி வடிவம் ஈரக் கார்டில் பதிந்துவிடும், திரும்பச் சரியாகாது. ஹேர் டிரையர் போட்டால் வளையும். மைப்பேனா எழுத்து இருந்தால் பரவும். போருக்குப் பிந்தைய, பபிள்கம்மோடு விற்ற கார்டுகளுக்கு இந்த முறை வேண்டாம். அவற்றின் மெழுகுக் கறைக்கு நைலான் காலுறைத் துணியால் மெல்லத் தேய்ப்பதே போதும். தண்ணீரைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். பிளீச் போன்ற ரசாயனத்தை மறைத்து விற்பது மோசடி.

பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. நிறுவனங்களுக்கு அனுப்பித் தரமதிப்பு வாங்கலாமா?

காமனுக்குப் பெரும்பாலும் வேண்டாம். கட்டணமும் தபால் செலவும் கார்டின் விலையைத் தாண்டிவிடும். 1968க்கு முந்தைய காமன் 8க்கு மேல் வரும் என்று உறுதியாகத் தோன்றினால், கடினமான ஹை நம்பராக இருந்தால், அல்லது டி-206இல் அபூர்வப் பின்பக்கம் கிடைத்தால் அனுப்பலாம்.

‘பாப்புலேஷன் ரிப்போர்ட்டில் 8க்கு மேல் பன்னிரண்டே உள்ளன’ என்று விற்பவர் சொன்னால் அவசரப்படாதீர்கள். அது தரமதிப்பு நிறுவனத்தின் கணக்கு, அனுப்பப்பட்டவற்றை மட்டுமே காட்டும். காமனை யாரும் பணம் கட்டி அனுப்புவதில்லை. அதனால் எண்ணிக்கை குறைவு. விலை ஏறிவிட்டால் அதைப் பார்த்து நாலு பேர் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்புவார்கள், பன்னிரண்டு இருபதாகிவிடும். முழுச் செட்டையும் உயர் தரத்தில் வைக்கப் போட்டியிடும் சிலரால்தான் அந்த விலை நிற்கிறது. அவர்களில் இருவர் விலகினாலே சரியும்.

பிழைக் கார்டுகள்?

பிழை திருத்தப்பட்டதா என்பதே கேள்வி. 1969 டாப்ஸ் 653இல் ஆரேலியோ ரோட்ரிகஸ் என்று போட்டு அணியின் பேட்பாயின், அதாவது மட்டைகளைக் கவனித்துக்கொள்ளும் பையனின், படத்தை அச்சிட்டார்கள். கடைசிவரை திருத்தவில்லை, எனவே எல்லாப் பிரதியும் ஒன்றே, விலையும் சாதாரணம். 1952 டாப்ஸ் 307 ஃபிராங்க் காம்போஸ் நேர் எதிர். பின்பக்கத்திலுள்ள சிவப்பு நட்சத்திரங்களில் ஒன்று கறுப்பாக அச்சான சில பிரதிகள் உண்டு. வாஷிங்டன் அணியில் கொஞ்ச காலம் ஆடிய கியூபா ஆட்டக்காரர் அவர். அந்த ஒரு கறுப்பு நட்சத்திரத்தால் காமன் பெட்டியை விட்டே வெளியேறிவிட்டார். 1952 காமன் கையில் கிடைத்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

மெல்லிய பாலிப்ரோப்பிலீன் உறை, தேவையானால் அதன்மேல் கெட்டி உறை. உறை இல்லாமல் நேராகக் கெட்டி உறைக்குள் தள்ளினால் மூலை கீறும். பழைய பி.வி.சி. ஆல்பத் தாள்கள் நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கார்டோடு ஒட்டும். இருந்தால் இன்றே எறியுங்கள். ஒன்பது பை தாளில் 1957 முதல் வந்தவை மட்டுமே சரியாகப் பொருந்தும், அதற்கு முந்தைய பெரிய டாப்ஸுக்கு எட்டுப் பை தாள். சிகரெட் கார்டுக்கென்று சின்ன உறை தனியாக விற்கிறது.

நீளப் பெட்டியில் வைத்தால் காலி இடத்தை நுரை வைத்து அடையுங்கள். பாதி நிறைந்த பெட்டியில் கார்டுகள் சாய்ந்து, மாதக்கணக்கில் அப்படியே வளைந்துவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நல்லது. பரணும் கார் ஷெட்டும் வேண்டாம். ஹூஸ்டன், மயாமி பக்கம் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு, அவ்வப்போது மாற்றவும்.

தபாலில் அனுப்பும்போது?

உறை, கெட்டி உறை, வாய்ப்பக்கம் நீல நிறப் பெயின்டர் டேப். சாதாரண செல்லோடேப் வேண்டாம். பிரிக்கும்போது வெட்டுக்கத்தி தேவைப்படும், அது கார்டில் இறங்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் குமிழ் உறையில் போடுங்கள். ரப்பர் பேண்டு கூடவே கூடாது, பாஃப்கோ கதை தெரியுமே.

கனடாவில் இருக்கிறேன். ஓ-பீ-சீ கார்டுகள் அதே கார்டுகள்தானா?

அச்சு அசல் இல்லை. ஒன்ராறியோவின் லண்டன் நகரத்திலிருந்த அந்த நிறுவனம் டாப்ஸ் உரிமத்தில் 1965 முதல் ஒவ்வொரு வருடமும் அதே வடிவத்தில் வெளியிட்டது. 1970 முதல் பின்பக்கத்தில் பிரெஞ்சும் உண்டு. 1971இன் பின்பக்கம் மஞ்சள். அச்சான அளவு குறைவு, வெட்டும் கரடுமுரடு. டாப்ஸ் பட்டியலோடு கலந்து சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

விற்கும் நாள் வந்தால்?

மொத்தமாகக் கொடுத்தால் வியாபாரி விலைப்பட்டியலில் ஒரு பங்குதான் தருவார். அவர் அதை மாதக்கணக்கில் பெட்டியில் சுமக்க வேண்டும். ஹை நம்பர்கள், டிக் போடாத செக்லிஸ்ட்கள், ஷார்ட் பிரிண்ட்கள் ஆகியவற்றை முதலில் பிரித்துத் தனித்தனியாக விற்கவும். மீதியை 25 அல்லது 50 கார்டுகள் கொண்ட, எண் தொடர்ச்சியான கட்டுகளாக்கி, எண்களை முழுக்க எழுதிப் போடுங்கள். செட் சேர்ப்பவர்கள் தேடுவது எண்ணைத்தான். ‘கலப்புக் காமன் 500’ என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.